கண்ணால் கண்ட கணக்கு

எண்ணையும் எழுத்தையும் மக்களின் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. ஆயினும் அவ்விரண்டனுள் எண்ணைக் கற்பிக்குமிடத்து, நாம் நெடுங்காலமாகக் குழந்தையின் கண்ணை மூடிவிட்டுக் காதை மட்டுமே திறந்து வைத்தோம். வாய்பாடு காதின் வழியே புகுந்து வாயின் வழியே வெளிவந்தது. இடையில் பிள்ளையின் கண் கண்டது யாது, கருத்துக் கொண்டது யாது என்று கேட்டவர் சிலரே. கணக்கு என்றவுடன் பிள்ளைகள் அஞ்சுவதற்கு இதுவே தலையாய காரணம் என்பது நம் கருத்து. படத்தாலும் பொருளாலும் கணக்கை விளக்கும் முறை மேனாட்டிலிருந்து அண்மையில் வந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. அதன் வேர்களுட் சில நம் மண்ணிலேயே உள்ளன. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவும் மொழிகளும்

இவ்வாராய்ச்சிக்கு அந்தமானின் ஹேவ்லாக் தீவை நிலைக்களனாகக் கொள்வது பொருத்தமுடையது. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேருக்கு வடகிழக்கே அமைந்தது இத்தீவு. 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியின்போது போரிட்ட ஆங்கிலத் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் பெயரை இது தாங்கி நின்றது. 2018 திசம்பர் 30ஆம் நாள் இதற்குச் சுவராஜ் தீவு என்னும் பெயர் சூட்டப்பெற்றது. எனினும் மக்கள் நாவில் ஹேவ்லாக் என்னும் பெயரே இன்றும் மிகுதியாக வழங்குகிறது.

நாட்டுப் பிரிவினையின் விளைவாகக் கிழக்கு வங்கத்தை விட்டு வெளியேறிய ஏதிலியர் 1950களில் இங்குக் குடியமர்த்தப்பெற்றனர். கோவிந்த நகர், விஜய நகர், சியாம் நகர், கிருஷ்ண நகர், ராதா நகர் என்னும் ஊர்ப்பெயர்கள் அவர்தம் பண்பாட்டை இன்றும் உணர்த்துகின்றன. தென்னையும் பாக்கும் நெல்லும் பயிரிட்டு அவர்கள் வாழ்ந்தனர். பின்னர்ச் சுற்றுலாத் தொழில் வளர்ந்தபோது தமிழரும் தெலுங்கரும் பிறரும் பிழைப்பு நாடி இங்கு வந்து சேர்ந்தனர். அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் முழுமைக்கும் 2011ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி தாய்மொழியால் வங்காளியரே முதலிடம் பெறுவர். அடுத்து இந்தியும், மூன்றாவதாகத் தமிழும், நான்காவதாகத் தெலுங்கும் நிற்கின்றன. நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாக உடையவர்.

இத்தகைய தீவில் ஒரு பிள்ளை வீட்டில் ஒரு மொழியும், கடைத்தெருவில் இந்தியும், பாடநூலில் வேறொரு மொழியும் கண்டு வளர்வது இயல்பு. கணக்குப் பாடத்தில் இதன் விளைவு கொடியது. கூட்டத் தெரிந்த பிள்ளை, வினாவின் மொழி விளங்காமையால் விழிக்கிறது. மொழியிடத்துள்ள இடர், அறிவின் குறையாகக் கருதப்படுகிறது. கணக்கு வராத பிள்ளை என்னும் முத்திரை ஒருமுறை விழுந்துவிட்டால், அதனை அழிப்பது எளிதன்று. ஆதலின் மொழியைத் தாண்டி நிற்கும் ஒரு வாயில் இங்குள்ள வகுப்பறைக்குப் பிற இடங்களினும் மிகுதியாக வேண்டப்படுகிறது. அவ்வாயில் யாது என்று காண நாம் முதலில் தமிழகத்துத் திண்ணைக்குச் செல்வோம்.

திண்ணையும் மணலும்

நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் கணக்குக் கற்ற முறையை வெறும் மனப்பாடம் என்று இகழ்ந்து ஒதுக்குவது முறையாகாது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்று பாடங்கள் படிப்படியாக வகுக்கப்பட்டிருந்தன. பொன்னிலக்கம் முந்திரி முதலிய பின்னங்களிலிருந்து எண்களைப் பயிற்றியது. நெல்லிலக்கம் முகத்தலளவைகளைப் பயிற்றியது. எண்சுவடி பெருக்கலையும், குழிமாத்து நிலப்பரப்புக்கு வேண்டிய வர்க்கத்தையும் பயிற்றின. பிள்ளை மணலில் விரலால் எழுதியது; புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கி எண்ணியது. செவிடு ஐந்து ஓர் ஆழாக்கு, ஆழாக்கு இரண்டு ஓர் உழக்கு, உழக்கு இரண்டு ஓர் உரி, உரி இரண்டு ஒரு நாழி என்று அது பாடமாக ஒப்பித்தது. அவ்வளவைகளோ அதன் வீட்டிலும் களத்திலும் நாள்தோறும் புழங்கின. ஆகவே ஒப்பித்த சொல்லுக்கு ஏற்ற பொருள் அதன் கண்முன்னே இருந்தது.

குழிமாத்தையே எடுத்துக்கொள்வோம். பக்கத்திற்கு 12 கோல் உள்ள சதுர நிலம் எத்தனை குழி? நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாகப் பத்தும் இரண்டுமாகப் பிரித்தால் நான்கு துண்டுகள் தோன்றும். பெரிய சதுரம் 100 குழி. நீண்ட துண்டுகள் இரண்டும் இருபது இருபதாக 40 குழி. மூலையிலுள்ள சிறு சதுரம் 4 குழி. ஆக 144 குழி. உயர்நிலைப் பள்ளியில் இயற்கணித வாய்பாடாகப் பிள்ளைகள் உருவேற்றும் உண்மை இந்த வயலிலேயே கிடக்கிறது. வயலைக் கண்ட பிள்ளை வாய்பாட்டை மறந்தாலும் மீண்டும் வருவித்துக்கொள்ளும்.

இம்மணலின் புகழ் கடல் கடந்தும் சென்றது. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். எழும்பூரிலிருந்த படைவீரர் பிள்ளைகளுக்கான அனாதை விடுதியை மேற்பார்க்கும் பொறுப்பை 1789இல் ஏற்றார். நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அம்முறையைத் தம் விடுதியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வகுத்தார். நம் திண்ணைகளில் சட்டாம்பிள்ளை என்னும் பெயரால் அது முன்பே வழங்கியதுதான். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே இது சென்னை முறை எனப் பெயர்பெற்று இங்கிலாந்தெங்கும் பரவியது.

ஆயின் இங்கே ஒன்றை நாம் கருதவேண்டும். மேனாட்டார் விரும்பியது இம்முறையின் சிக்கனத்தை. ஓர் ஆசிரியரைக் கொண்டு சிறு செலவில் பெருந்தொகையான பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பதே அவர்களை ஈர்த்தது. மணல் கப்பலேறியது, நாழியும் உழக்கும் ஏறவில்லை. அதாவது கற்பிக்கும் ஒழுங்கு சென்றது. பொருளோடு எண்ணைப் பிணைத்த வாழ்க்கை செல்லவில்லை. பின்னாளில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் இதுவே நேர்ந்தது. புதிய பாடத்திட்டம் வந்தபோது நாம் உருவேற்றும் பழக்கத்தை விடாது பற்றிக்கொண்டோம். உருவேற்றியதற்குப் பொருளாய் நின்றவற்றையோ கைவிட்டோம்.

பழைய திண்ணையைக் குறையற்றதாகக் காட்டுவது நம் நோக்கமன்று. அங்குத் தண்டனை கடுமையானது. பெண்பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளும் பெரும்பாலும் அத்திண்ணையில் ஏற இயலவில்லை. நிலத்தை உழுதவனின் பிள்ளைக்கு அந்நிலத்தை அளக்கும் கணக்கு மறுக்கப்பட்டது என்பது நம் கல்வி வரலாற்றின் பெருங்குறை. இக்காலத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அத்திண்ணையை அன்று. எண்ணும் பொருளும் ஒன்றையொன்று விளக்கிய அந்த உறவையே ஆகும்.

பெயரில் பொதிந்த படம்

தமிழ்ப் பின்னங்களின் பெயர்களிலேயே அவ்வுறவைக் காணலாம். காலில் அரை அரைக்கால். கால் மூன்று முக்கால். பெயரைச் சொல்லும்போதே கணக்கும் முடிந்துவிடுகிறது. இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்று பெயர். ஏன் அப்பெயர்? ஒரு செவ்வகத்தை இருபது பத்திகளாகவும் நான்கு வரிசைகளாகவும் கோடிட்டால் 80 கட்டங்கள் கிடைக்கும். ஒரு பத்தி ஒரு மா. அதில் நான்கு கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு காணி. ஒரு பத்தியோடு பக்கத்துக் கட்டம் ஒன்றையும் சேர்த்தால் ஐந்து கட்டங்கள். எண்பதை ஐந்தைந்தாகப் பகுத்தால் பதினாறு பங்கு. ஆகவே மாவும் காணியும் சேர்ந்தது பதினாறில் ஒன்று. பின்னங்களைக் கூட்டப் பொது மடங்கு காணும் விதியைக் கேளாத சிறுவனும் இப்படத்தைக் கண்டு அவ்விதியின் உயிரை உணர்ந்துவிடுவான்.

சோழர் கல்வெட்டுகளில் வேலி, மா, காணி, முந்திரி என்றும், அதற்குக் கீழும் நிலம் நுணுகி அளக்கப்பட்டிருப்பதை வரலாற்று மாணவர் அறிவர். அளவை முறைகள் பின்னர் மாறின. 1957 ஏப்ரல் முதல் நாள் பதின்ம நாணயம் வந்தது. அதற்கு முன் ஓர் உரூபாய்க்குப் பதினாறு அணா. ஆதலின் அணா ஒவ்வொன்றும் கையில் ஏந்தத்தக்க மாகாணியாக இருந்தது. தொடர்ந்து மெட்ரிக் அளவைகள் பரவின. கணக்கு எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை. பழைய அளவைகள் மீளவேண்டும் என்றும் நாம் கூறவில்லை. ஆனால் பின்னத்திற்கு உருவாய் நின்ற நாணயமும் படியும் சென்றபின், அவ்விடத்தில் வேறு உருவை வைக்கும் கடமையைப் பள்ளிக்கூடம் முழுமையாக ஏற்கவில்லை. மாணவன் மேலெண், கீழெண் என்று மனனம் செய்தான். அவை எதைக் குறிக்கின்றன என்பதைக் காணவில்லை.

மடித்த தாள்

நிற்க. பள்ளிக்கு வெளியே இருந்த ஒருவர், கணக்கைக் கண்ணுக்குக் காட்டும் பணியைச் சென்னை மாகாணத்தில் செய்து உலகின் பார்வையை ஈர்த்தார் என்பது இன்று பலர் அறியாத செய்தி. அவர் தண்டலம் சுந்தர ராவ். வருவாய்த் துறை அலுவலரான அவர், தாளை மடித்தே வடிவியல் உண்மைகளை நிறுவும் நூல் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1893ஆம் ஆண்டில் சென்னை அடிசன் நிறுவனம் அதனை வெளியிட்டது. பிரோபெல் வகுத்த குழந்தைப் பள்ளி முறையில் தாள் மடிக்கும் பயிற்சியும் ஒன்று; அதிலிருந்தே தமக்கு இவ்வெண்ணம் உதித்ததாக அவர் குறித்துள்ளார். செருமானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அந்நூலைத் தம் எழுத்தில் எடுத்துக்காட்டினார். அமெரிக்கப் பேராசிரியர்களான பெமன், சிமித் ஆகிய இருவரும் அதனைத் திருத்திச் சிகாகோவில் 1901இல் பதிப்பித்தனர்.

ஒரு சதுரத் தாளை எடுத்து நான்கு மூலைகளையும் நடுவிற்கு மடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு சிறு சதுரம் தோன்றும். மடிந்த மூலைகள் நான்கும் அச்சதுரத்தை மிகாமலும் குறையாமலும் மூடி நிற்கின்றன. ஆகவே அதன் பரப்பு முதற்சதுரத்தில் அரை. மீண்டும் அவ்வாறே மடித்தால் கால். மீண்டும் மடித்தால் அரைக்கால். பின்னும் மடித்தால் மாகாணி. நம் பழம்பின்னங்கள் ஒரு தாளுக்குள் வரிசையாக வந்து நிற்பதைக் கண்டு நாம் வியக்கிறோம். இதற்கு ஆகும் செலவு ஒரு துண்டுத் தாள். கருவி வேண்டா, கூடம் வேண்டா. சொல்லும் பெரிதும் வேண்டா.

1939ஆம் ஆண்டில் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தபோது, இந்நெறிக்கு மற்றொரு துணை கிடைத்தது. ஒற்றை மணி, பத்து மணி கோத்த கோல், நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம் என அவர் அமைத்த பொருள்கள் இடமதிப்பைக் கையால் தொட்டு உணரச் செய்தன. எனினும் அப்பொருள்கள் விலையுயர்ந்தவை. வசதி படைத்த பள்ளிகளையே பெரும்பாலும் சென்றடைந்தன.

ஆசிரியர் ஒருவர்

எளிய பிள்ளைகளின் வகுப்பறையில் இந்நெறியைப் பரப்பியவருள் பி. கே. சீனிவாசன் சிறப்பாகக் குறிக்கத்தக்கவர். 1924இல் பிறந்து 2005இல் மறைந்த இவர், சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராகத் தொண்டாற்றினார். கணித மேதை இராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தோர் நினைவுகளையும் திரட்டி 1968இல் நினைவுத் தொகுதிகளாகப் பதிப்பித்தார். மாணவர்களே பொருள்களைச் செய்து வைத்து, வருவோர்க்கு விளக்கும் கணிதக் கண்காட்சிகளை நடத்துவித்தார். 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அமைய முன்னின்றார்.

அவர் கையாண்ட கருவிகளுள் ஒன்று சுவரில் தொங்கும் மாத நாட்காட்டி. அதனைக் கொண்டு நிகழ்த்தும் எண் விளையாட்டுகள் பற்றி ஒரு நூலே எழுதினார். எடுத்துக்காட்டாக, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைக் கட்டமிடுவோம்: 10, 11, 12, அவற்றின் கீழ் 17, 18, 19, அவற்றின் கீழ் 24, 25, 26. இவற்றின் கூட்டுத்தொகை 162. நடுவெண் 18ஐ ஒன்பதால் பெருக்கினும் 162. எந்த மாதத்தில் எந்தக் கட்டத்தை எடுத்தாலும் இவ்வாறே அமையும். இதுவரை இது வேடிக்கை. ஏன் என்று கேட்கும்போதுதான் கணிதம் பிறக்கிறது. நடுவெண்ணுக்கு இடப்புறம் ஒன்று குறைவு, வலப்புறம் ஒன்று மிகுதி. மேலே ஏழு குறைவு, கீழே ஏழு மிகுதி. மூலைகளிலும் குறைவும் மிகுதியும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. இதனைத் தானே கண்டுகொண்ட பிள்ளைக்கு இயற்கணிதம் அச்சம் தரும் பாடமன்று. ஏற்கெனவே அறிந்ததைச் சுருக்கி எழுதும் முறையே ஆகும்.

உலகமும் நாடும்

தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரிலும் இதையொத்த மாற்றம் நிகழ்ந்தது. அங்கும் பல மொழிக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கணக்குக் கற்றனர். சொற்கணக்குகளில் அவர்கள் இடர்ப்பட்டனர். கோ தெக் ஹோங் என்பாரின் தலைமையில் அறிஞர் குழுவொன்று, கணக்கைப் பட்டைப் படமாக வரைந்து தீர்க்கும் முறையை வகுத்தது. 1983இல் அது தொடக்கப் பள்ளிகளில் புகுத்தப்பட்டது. ஒரு தோப்பில் பறித்த தேங்காயில் ஐந்தில் இரு பங்கு விற்றபின் 60 மிஞ்சின, மொத்தம் எத்தனை என்பது வினாவாயின், ஒரு பட்டையை ஐந்தாகப் பகுத்து இரண்டை நிழலிட்டால் போதும். மிஞ்சிய மூன்று பங்கு 60, ஒரு பங்கு 20, மொத்தம் 100. படத்தை வரைந்தபின் வினாவின் மொழி இடையூறாக நிற்பதில்லை.

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தையொட்டிக் கணிதக் கல்விக்கென அமைந்த குழுவிற்குச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். இராமானுஜம் தலைமை தாங்கினார். கணக்குப் போடும் திறத்தை மட்டும் வளர்த்தல் போதாது, பிள்ளையின் சிந்தனையே கணித நெறிப்பட வேண்டும் என்பது அக்குழுவின் கருத்து. அக்கலைத்திட்டத்தின் வழியே படங்களும் செயல்களும் நிறைந்த புதிய பாடநூல்கள் தோன்றின. தமிழகத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் இத்திசையில் எடுத்த முயற்சிகளே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். படமும் உருவேற்றும் பொருளாகிவிடக்கூடும். அட்டையை எடு, மணியை அடுக்கு, விடையை எழுது என்று ஆசிரியர் ஆணையிட்டுப் பிள்ளை கீழ்ப்படிந்தால், பழைய மனப்பாடமே புதிய உடையில் வந்ததாகும். படத்தைக் காட்டியபின் ஏன் என்று கேட்கவேண்டும். பிள்ளை விடை தேடும் அளவும் பொறுத்திருக்கவேண்டும். முடிவில் படமின்றியும் அவ்வுண்மையை அது எண்ணிப் பார்க்கச் செய்யவேண்டும்.

எண்பது கட்டங்கள்

இனி ஹேவ்லாக்கிற்கு மீள்வோம். அங்கு வாழும் வங்காளியர்க்கும் ஒரு கணக்கு மரபு உண்டு. சுபங்கரர் பெயரால் வழங்கும் கணக்குச் செய்யுள்கள் வங்கப் பாடசாலைகளில் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டன. அங்குச் சோழியே சிறு நாணயமாக வழங்கியது. நான்கு சோழி ஒரு கண்டா. இருபது கண்டா சேர்ந்தால் அடுத்த பேரளவு. அதாவது 80 சோழி. இவ்விடத்தில் நாம் முன்பு வரைந்த செவ்வகத்தை நினைவு கூர்வோம். இருபது பத்தி, பத்திக்கு நான்கு கட்டம். தமிழர் ஒரு பத்தியை மா என்றும் ஒரு கட்டத்தைக் காணி என்றும் கூறினர். வங்காளியரின் கணக்கில் அதே பத்தி கண்டா. அதே கட்டம் சோழி. தமிழர் ஒன்றைப் பகுத்துக்கொண்டே கீழிறங்கினர். வங்காளியர் ஒன்றிலிருந்து சேர்த்துக்கொண்டே மேலேறினர். படம் ஒன்றே.

ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர் என்று இதனைக் கொண்டு நாம் முடிவு கட்டவில்லை. ஒத்த அமைப்பைச் சுட்டுவதே நம் கருத்து. ஹேவ்லாக்கின் ஒரு வகுப்பறையில் வங்காளச் சிறுமியும் தமிழ்ச் சிறுவனும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். ஆசிரியர் இந்தியில் பேசுகிறார். நூலோ ஆங்கிலத்தில் உள்ளது. ஆசிரியர் கரும்பலகையில் எண்பது கட்டங்களை வரைந்து ஐந்து கட்டங்களுக்கு வண்ணம் தீட்டி, இது முழுமையில் எத்தனையாவது பங்கு என்று விரலால் சுட்டி வினவட்டும். இருவரும் தத்தம் மொழியில் எண்ணுவர். இருவரும் ஒரே விடையை அடைவர். தம் பாட்டியர் வழங்கிய சொற்களும் அப்படத்துக்குள் அடங்கியிருப்பதை அறிந்தால், கணக்கு அயலார் பாடம் என்னும் எண்ணம் அவ்விருவர் உள்ளத்திலிருந்தும் நீங்கும்.

ஆதலின் அந்தமானில் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் நாம் ஒன்று கூற விழைகிறோம். பிள்ளை வாய்பாட்டை ஒப்பிக்கும்போது மகிழுங்கள். ஆனால் அத்தோடு அமையாதீர்கள். ஆறேழு நாற்பத்திரண்டு என்று அது சொன்னால், அதனை எனக்குக் காட்டு என்று கேளுங்கள். புளியங்கொட்டையாலோ, கட்டமிட்ட தாளாலோ, கடற்கரை மணலில் இட்ட புள்ளிகளாலோ அது காட்டட்டும். ஆறு வரிசை ஏழாக அடுக்கியதை மறுபுறம் நின்று நோக்கினால் ஏழு வரிசை ஆறாகத் தோன்றுவதையும் அதுவே கண்டு சொல்லட்டும். அதற்கு ஒரு நாழிகை சென்றாலும் பொறுத்திருங்கள்.